ஒரு சுற்று ஓடினால் திசைவேகம் பூஜ்யமா?

வணக்கம் ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளின் இயற்பியல் பாடத்தில் ஒரு கணக்கு. மைதானத்தை ஒரு சுற்று ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்தவரின் சராசரித் திசைவேகம் பூஜ்யமாம். மூச்சு வாங்க ஓடியவருக்குப் பூஜ்யமா? அப்படி ஒரு அளவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விடை சரிதான், தேர்வில் மகள் அப்படியே எழுதட்டும். திசைவேகத்துக்கு இடப்பெயர்ச்சிதான் கணக்கு. கிளம்பிய இடத்திலிருந்து முடித்த இடம் நேர்கோட்டில் எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்பது மட்டும். நடுவில் எப்படிச் சுற்றினார் என்று அது கேட்காது. ஓடிய தூரம் முழுவதையும் கணக்கில் எடுப்பது வேகம்.

நிஜ ஓட்டத்தில் இது இன்னும் வேடிக்கை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேட் வான் நீகெர்க் 400 மீட்டரை 43.03 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். சராசரி வேகம் விநாடிக்கு 9.3 மீட்டர். ஓடியது எட்டாவது லேனில். வெளி லேனில் சுற்று நீளம் என்பதால் அங்கே ஓடுபவரை முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். எட்டாவது லேனுக்கு வளைவின் மேல் சுமார் 53 மீட்டர். முடிவுக்கோடோ எல்லோருக்கும் ஒன்றுதான். ஆக, அவர் கிளம்பிய இடத்துக்குத் திரும்பவே இல்லை! நேர்கோட்டில் அளந்தால் சுமார் 50 மீட்டர் பின்னாலேயே ஓட்டம் முடிந்துவிடுகிறது. 43.03ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.16 மீட்டர். நாம் கடைக்கு நடக்கிற நடை, அதுவும் பின்பக்கமாக.

சரி, இதனால் என்ன பயன்? முழுச் சுற்றுக்கும் சராசரி எடுத்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நேரத்தைக் கணம் கணமாக நறுக்கிப் பார்க்கும்போதுதான் திசைவேகம் வேலைக்கு வருகிறது. வளைவில் ஒருவர் அதே 9.3 மீட்டர் வேகத்தில் சீராக ஓடுகிறார் என்று வைப்போம். வேகம் மாறவில்லை, ஆனால் திசை ஒவ்வொரு கணமும் திரும்புகிறது. திசை மாறினாலும் திசைவேகம் மாறியதாகத்தான் அர்த்தம். அந்த மாற்றம் முடுக்கம். வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். எட்டாவது லேனின் ஆரம் சுமார் 45 மீட்டர், முடுக்கம் 1.9, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் லேனின் ஆரம் சுமார் 37 மீட்டர்தான், அங்கே 2.3க்கு மேல் போகும். வளைவில் ஓட்டக்காரர்கள் உள்பக்கம் சாய்வது இதற்காகத்தான்.

அப்படிப் பார்த்தால் எட்டாவது லேன் காலுக்குச் சௌகரியம். ஆனாலும் பலருக்கு அது பிடிப்பதில்லை. ஆரம்பத்தில் எதிராளிகள் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள், யார் எவ்வளவு நெருங்கிவிட்டார் என்றே தெரியாது.