கோமாளி எங்கே போனான்?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரவுப் பணி முடிந்து வந்து ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ என்ற பழைய அமெரிக்கத் தொடரைப் பார்க்கிறேன். அதன் மூன்றாம் பருவத்தில் 13ஆவது எபிசோடான ‘த செப்போ’வுக்கு விமர்சனம் எழுதி இணைத்திருக்கிறேன். பேய்களோடு மோதும் கூட்டத்தில் சாண்டர் வெறும் கோமாளி. அவனுக்கு எதற்கு ஒரு முழு எபிசோட்? உலகம் அழியப் போகிற சண்டையைத் துண்டு துண்டாகக் காட்டிவிட்டு, நகைச்சுவை இடைவேளையை 40 நிமிடம் இழுத்திருக்கிறார்கள். இது இயக்குநரின் தவறுதானே? முந்தைய பருவங்களைப் பார்க்காமல் விமர்சனம் எழுதலாமா? இலக்கிய வாசகன் பேய்த் தொடர் பார்ப்பது நேர விரயமா?

ஒரு வாசகன், ஓசூர்

அன்புள்ள தம்பி,

பேய்க்கதை கேட்காமல் நம் இரண்டு மாவட்டங்களிலும் யாரும் வளர்ந்ததில்லை. எனவே கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறேன். முந்தைய பருவங்களைப் பார்க்காமல் எழுதக் கூடாது. அதுவும் முடிந்தது.

போன வாரம் பாலக்கோடு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்துப் பார்த்தேன். நேரமில்லை என்று கோமாளியின் பகுதியைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். அந்த எரிச்சலோடு வீடு வந்தபோது உங்கள் கடிதம் இருந்தது. என் கோபத்தில் பாதி அந்த ஊர்க்காரர்களுக்குரியது. மீதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் தலைப்பு. செப்போ என்றால் கோமாளி என்று பொருள் எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டு எழுதினீர்கள்? பழைய ஹாலிவுட் நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்களில் சிரிக்க வைக்காதவர் செப்போ. அண்ணன்மார் அடிக்கும் கூத்துக்கு நடுவே கோட்டுப் போட்டு நிற்கும் ஒழுங்கான பையன். 1933இல் வந்த ‘டக் சூப்’ படத்தோடு நடிப்பை விட்டுவிட்டு, பின்னாளில் இயந்திரத் தொழிலுக்குப் போனார். உங்கள் தொழிற்சாலையில் குழாய்களை வளையம் போட்டு இறுக்கிச் சேர்க்கும் மார்மன் கிளாம்ப் என்று கேட்டால் மூத்தவர்கள் யாராவது எடுத்துக் காட்டுவார்கள். அது அவருடைய நிறுவனத்தின் பெயரால் வழங்குவது. முன்னாள் காதலி கார்டிலியா சாண்டரைச் செப்போ என்று குத்துவதன் பொருள், ‘இந்தக் கூட்டத்தில் உன்னால் ஒரு பயனும் இல்லை’ என்பதுதான். அந்தக் குத்து புரியாமல் எபிசோடுக்குள் நுழைந்ததால்தான் உங்களுக்கு வழி தவறியிருக்கிறது.

1999 ஜனவரியில் ஒளிபரப்பான அந்த எபிசோடில் ஒரு காட்சியை மட்டும் திரும்பப் பாருங்கள். நாயகி பஃபியும் அவள் காதலன் ஏஞ்சலும் கண்ணீரோடு விடைபெறுவதுபோல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வயலின்கள் உருகுகின்றன. உதவி கேட்டுச் சாண்டர் உள்ளே வருகிறான். இசை சட்டென்று நின்றுவிடுகிறது. இருவரும் அவனைப் பார்க்கிறார்கள். அவன் சங்கடப்பட்டு வெளியேறியதும் விட்ட இடத்திலிருந்து வயலின்கள் தொடங்குகின்றன. துண்டு துண்டாகக் காட்டியது தவறா என்று கேட்டீர்களே, வாசற்படியில் நிற்கிறவனுக்குப் பெரிய கதை அப்படித்தான் தெரியும்.

பள்ளி நூலகத்தில் எல்லோரும் அரக்கியரோடு போரிடும்போது, அதே பள்ளியின் கொதிகலன் அறையில், செத்து எழுந்த ஒரு போக்கிரியின் முன்னால் சாண்டர் தனியாக நிற்கிறான். வெடிகுண்டில் நொடிகள் குறைகின்றன. அவன் கையில் ஆயுதம் கிடையாது, மந்திரம் கிடையாது. ஓடாமல் வழியை மறித்து நிற்கிறான், அவ்வளவுதான். எதிராளியே பயந்து குண்டை அணைக்கிறான். மறுநாள் நண்பர்கள் தாங்கள் உலகைக் காத்த கதையைப் பேசும்போது சாண்டர் தன்னுடையதைச் சொல்லவில்லை. கார்டிலியா மறுபடியும் குத்துகிறாள். சிரித்துவிட்டு நடந்து போகிறான். இதற்கா ‘நகைச்சுவை இடைவேளை’ என்று பெயர் வைத்தீர்கள்?

எங்கள் பக்கம் கூத்தில் கட்டியங்காரனைக் கோமாளி என்றே சொல்வோம். அது வசை இல்லை. உங்கள் கட்டுரையில் என்னை உறுத்துவது ‘வெறும்’ என்ற சொல். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது, நீ யார், எந்த நாட்டு மன்னன் என்று கேட்கக் கோமாளி வேண்டும். அவன் கேட்காவிட்டால் அந்த மன்னன் விடியும்வரை திரைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அஸ்தினாபுரத்தில் நின்றுகொண்டு பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி விலை என்ன என்று அவனால் மட்டும்தான் கேட்க முடியும். தூதன் அவன், காவல்காரன் அவன், தூங்குகிறவனை எழுப்புகிறவனும் அவனே. கிரீடமும் புஜக்கட்டையும் ஏற்றிய மன்னனுக்குக் குனிந்து தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. இவனுக்கு இருப்பதோ ஒரு கூம்புத் தொப்பி. அதனால் எங்கும் ஓட முடியும்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது பெரியப்பா ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், ஆர்மோனியம் வாசித்தார். துகிலுரிதல் இரவு. வேடம் கட்டும் ஓலைக் கொட்டகையில் நான் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். வெளியே துச்சாதனன் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் கொளுத்தி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். பெண்களில் இரண்டு மூன்று பேருக்கு அருள் வந்துவிட்டது. கோமாளி ஒரு வாய் கூழ் குடிக்க உள்ளே வந்தார். மூங்கிலில் தொங்கிய பெட்ரோமாக்ஸின் கயிறு அறுந்து விளக்கு ஒரு பக்கமாகச் சாய, ஓலையின் நுனி பற்றிக்கொண்டது. நான் கத்த வாயெடுத்தேன். அவர் உள்ளங்கை என் வாயை அடைத்தது. அரிதாரமும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. மறு கையால் கூழ்ப் பானையைத் தூக்கி அப்படியே ஓலை மீது வீசினார். மிச்சத் தீயைத் தொப்பியால் அடித்தார். அதுவரை பெரியப்பாவின் ஆர்மோனியம் நிற்கவில்லை. தீ என்று ஒரு குரல் வெளியே போயிருந்தால், மடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இப்போதும் பயமாக இருக்கிறது.

சபையில் துரியோதனன், “கோமாளி எங்கே போனான்?” என்று கர்ஜித்தான். இவர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினார். “அரண்மனையில் சமையல் கொஞ்சம் கருகிவிட்டது மகாராஜா!” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. திரௌபதி வேடக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடிந்ததும் ஜமாவை நடத்தும் வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து பணம் பிரித்தார். பானை உடைந்ததற்குக் கோமாளியின் பங்கில் எட்டு ரூபாய் பிடித்தார். குடித்துவிட்டு உடைத்திருப்பான் என்று யாரோ சொன்னார்கள். நான் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கோமாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மிச்சத்தை எண்ணி வேட்டி முனையில் முடிந்துகொண்டு, விளிம்பு கருகிய தொப்பியைப் பைக்குள் திணித்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.