பாவமாக நிற்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் பி.காம். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் தாண்டிவிட்டது. வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க அடுத்த வாரம் நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். கம்மல், செயின் எல்லாம் கழற்றிவிட்டு, வெளுத்துப்போன சுரிதாரைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் பாவமாக நில் என்று சொன்னேன். அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வருடமாக மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறாள், மாதம் எட்டாயிரம் தருகிறார்கள். அதை அங்கே சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அவள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். மழை பெய்தால் அதுவும் கிடையாது. அரசு அலுவலகத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீங்களாவது அவளுக்குப் புரியும்படி எழுதுங்கள்.
— வாசகி ஒருவர், குழித்துறை

பதில்: அம்மா, சுரிதார் வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஜவுளிக் கடை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில், போகிற போக்கில், ஏதோ பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வது மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்குப் புரியும்படி எழுதச் சொன்னீர்கள். அவளுக்குப் புரிந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் சுரிதார். அந்த விண்ணப்பப் படிவத்தை ஒரு தடவை முழுக்கப் படித்துப் பாருங்கள். கம்மலுக்கு அதில் கட்டம் கிடையாது. முகத்தில் எவ்வளவு வாட்டம் என்று யாரும் குறிப்பு எழுதுவதும் இல்லை. அங்கே பார்ப்பது வேறு. பதிந்து ஐந்து ஆண்டு முடிந்ததா, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, வயது 40-ஐத் தாண்டவில்லையே (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45), குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் நிற்கிறதா, எங்காவது வேலையில் இருக்கிறாரா, கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கிறாரா. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இந்தத் தொகை கிடையாது, பி.காம்.முக்கு அந்தத் தடை இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு விதி தனி: பதிந்து ஓராண்டு போதும், வருமான வரம்பு இல்லை, பத்து ஆண்டு வரை கிடைக்கும். இதில் எந்த இடத்தில் வெளுத்த துணி உதவும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் நீங்கள் இப்படி யோசிப்பது எங்கிருந்து வந்தது என்று தெரியும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டுப் பையனுக்குத் துணையாக இதே காரியத்துக்கு ஓர் அலுவலகம் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். எங்களுக்கு முன்னால் நின்ற இளைஞரின் கையைப் பார்த்துவிட்டு, கவுண்டரில் இருந்தவர் எல்லார் காதிலும் விழும்படி, "வாட்ச் கட்டத் துட்டு இருக்கு, உதவித்தொகை வேறயா?" என்றார். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்த இளைஞர் ஒன்றும் சொல்லாமல் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் பையன், யாரும் சொல்லாமலேயே, தன் மோதிரத்தைத் திருகிக் கழற்றினான். ஐந்து கிராம்கூட இருக்காது, பாட்டி போட்டது. அன்றைக்கு நான் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது. கம்மலைக் கழற்றச் சொல்லும் அம்மாக்களை இந்த மாதிரி கவுண்டர்கள்தான் உண்டாக்கின. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், தாளில் உள்ளதை மட்டும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கையையும் கழுத்தையும் பார்க்க உங்களுக்குச் சம்பளம் தரவில்லை.

ஆகவே உங்கள் மகள் கம்மலோடு போகலாம். நல்ல சுரிதாரையே போடட்டும். வேலைக்கான நேர்காணலுக்குப் போனால் எதைப் போடுவாளோ அதை.

ஆனால் போக வேண்டுமா என்பதுதான் பிரச்சினை.

மாதம் எட்டாயிரம் என்றால் வருடத்துக்கு 96,000. அவளுடைய சம்பளம் ஒன்றே 72,000-ஐத் தாண்டிவிட்டது. அப்பாவின் பால்வெட்டுக் கூலியை இன்னும் நான் சேர்க்கவே இல்லை. வருமானக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். இது வேலையில்லாதவர்களுக்கான தொகை. அவளுக்கு வேலை இருக்கிறது. படிப்புக்கேற்ற வேலை இல்லை, சம்பளம் காணாது, நாளைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பதெல்லாம் சரி. இருந்தாலும் காலையில் கடை திறக்கும்போது போய், இரவு ஷட்டர் இறங்கும்போது திரும்புகிற பெண்ணை வேலையில்லாதவள் என்று எழுத எந்தப் பேனாவும் ஒத்துக்கொள்ளாது.

இதற்கு மேல் சுய உறுதிமொழி என்று ஒரு தாள் உண்டு. வேலையில் இல்லை என்று அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவையோடு தீராது, தொகை வாங்குகிற காலமெல்லாம் ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். அதில் விழப்போவது உங்கள் கையெழுத்து இல்லை அம்மா, அவளுடையது. யோசனை உங்களுடையது, மாட்டினால் அவள். முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று குறைப்படுகிறீர்கள். செயினைக் கழற்றச் சொன்னதற்காகத்தான் கோபம் என்று நினைத்தீர்களா?

"யாருக்குத் தெரியப் போகிறது" என்பீர்கள். படிவத்தில் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் உங்கள் ஊரில்தான் டீ குடிக்கிறார்கள். கோணத்தில் உட்கார்ந்திருக்கிற அலுவலர் கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுக்க வீட்டோடு மார்த்தாண்டம் வந்தால், விரித்துக் காட்டப் போகிறவள் உங்கள் மகளாகவே இருக்கலாம். நம் மாவட்டத்தில் ஒருவர் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால்கூட அடுத்த ஸ்டாப்பில் அவருடைய சித்தப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

சரி, எவ்வளவு பணத்துக்கு இந்தப் பாடு? பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பத்தாம் வகுப்புத் தவறியவர்களுக்கு 200, தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400. காலாண்டுக்கு ஒரு தடவை வங்கிக் கணக்கில் 1,800 விழும். மூன்று ஆண்டு முடிந்தால் நின்றுவிடும், மொத்தம் 21,600. நாளுக்கு 20 ரூபாய். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, ஒரு ரசவடை. இந்தத் தொகை போதாது என்று அரசைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. படித்த பிள்ளைகளை இங்கே ஜவுளிக் கடையிலும் எல்லை தாண்டிக் கேரளத்திலும் நிற்க வைத்திருக்கிறோம். அதைப் பேசுவோம். ஆனால் தொகை சின்னது, அதனால் பொய்யும் சின்னது என்ற கணக்கு எனக்கு ஒப்பவில்லை. கடைக்கே போகாமல், வீட்டில் ஒரு வருமானமும் இல்லாமல், இதே 600-ஐ நம்பித் தேர்வுக்குப் படிக்கிற பெண்களும் அந்த வரிசையில் வருகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உங்கள் மகள் பாவமாக நிற்பதற்குப் பெயர் வேறு.

கடை வேலை நாளைக்குப் போய்விட்டால் நிலைமை மாறும். அப்போது குடும்ப வருமானத்தை ஒளிக்காமல் கணக்குப் பாருங்கள்; 72,000-க்குள் வந்தால் தாராளமாகப் போகலாம். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிப்பதை மறந்துவிடக் கூடாது. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தனியார் கடையில் வேலை பார்ப்பதால் பதிவு போகாது, பின்னால் உதவித்தொகை வாங்கினாலும் போகாது. வேலைவாய்ப்பு அலுவலகங்களில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி வகுப்பும் நடக்கிறது. கோணத்துக்குப் போயே ஆக வேண்டும் என்றால் அதை விசாரிக்கப் போகட்டும்.

உண்மையிலேயே தகுதி உள்ளவர்கள் சிலரும் இதைப் படிப்பீர்கள் என்பதால் நடைமுறை பற்றிக் கொஞ்சம். படிவத்துக்குக் காசு கிடையாது. அசல் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், பதிவு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில், நகலோடு கொண்டு போங்கள். முந்தின நாள் ராத்திரியே இனிஷியலைச் சரிபாருங்கள். நம் பக்கத்தில் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் வீட்டுப் பெயர், வங்கியில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர் என்று இருக்கும். பாதிப் பேர் திரும்பி வருவது இதனால்தான். காலையிலேயே போய்விடுங்கள். அம்மா, அப்பா, மாமா, கட்சிக்காரர் என்று ஊர்வலம் வேண்டாம். மனு யாருடையதோ அவரே பேசட்டும். "தெரிந்த ஆள்" ஒருவரை விட்டுப் போன் போடச் சொல்வதும் வேண்டாம். தகுதி இருந்தால் அது தேவையில்லை, இல்லாவிட்டால் அது உதவாது. முடியாது என்று சொன்னால் சத்தம் போடாமல், எந்த விதிப்படி முடியாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பல "முடியாது"கள் "பார்க்கலாம்" ஆவதைக் கண்டிருக்கிறேன். காலி நாற்காலி இருந்தால் உட்காருங்கள்.

உட்காருவது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. உங்கள் கேள்வியில் மகள் கடையில் "வேலை பார்க்கிறாள்" என்று எழுதவில்லை, "நிற்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பேச்சு வழக்குதான், இருந்தாலும் எவ்வளவு சரியான சொல்! 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு 2021-ல் திருத்தியது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பது இப்போது சட்டம். கேரளம் அதற்கு முன்பே, 2018-ல் செய்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடை என்றால், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் பிடிக்க வேண்டும். அவள் சம்பளச் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைகளுக்கான குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு, எட்டாயிரம் அதற்கு மேலா கீழா என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அரசு அலுவலகத்தில் அவளுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது என்றால், அது அந்த அலுவலகத்தில்தான்.

இந்த வாரம் ஒரு நாள் சும்மா கடைப்பக்கம் போய், அவள் நிற்கிற கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலாவது கிடக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம்.