நாட்டிய மேடைக்கு எந்தக் கேமரா?

கேள்வி: என் மகளுக்கு அடுத்த ஆண்டு பரதநாட்டிய அரங்கேற்றம். என்னிடம் நிக்கான் டி3500 கேமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. கோயில் மேடைகளில் படம் எடுத்தால் கைகள் கலங்கியும் முகம் வெளுத்தும் விழுகின்றன. கடைக்காரர் 45 மெகாபிக்சல் கேமரா வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் படங்களில் குறைவது மெகாபிக்சல் அல்ல, வெளிச்சம். கலங்கிய கையை 45 மெகாபிக்சலில் எடுத்தால் அந்தக் கலக்கம் இன்னும் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான். உங்கள் லென்ஸை 55 மில்லிமீட்டருக்கு நீட்டும்போது அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்). 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோ ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது, இப்போது 1/50 விநாடியில் எடுக்கும் அதே காட்சியை அதே ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 1/500 விநாடியில் எடுத்துவிடலாம். அபிநயம் மிகுந்த, மெதுவான பதத்துக்கு 1/125 போதும். தாளச் சொற்களுக்கு வேகமாக ஆடும் ஜதிகளில் விரல்நுனி வரை கலங்காமல் நிற்க வேண்டுமானால் 1/500 தேவை.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. நிக்கானின் 85 எஃப் 1.8 லென்ஸில் 'டி', 'ஜி' என்று இரு வகைகள் உண்டு. பழைய 'டி' வகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் கேமராவில் அதைத் திருகும் மோட்டார் இல்லாததால் ஃபோக்கஸைக் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும். எனவே 'ஜி' வகையையே கேட்டு வாங்குங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், சுமார் எட்டு மீட்டர் தூரத்திலிருந்து தலைசாமான் முதல் சலங்கை வரை சட்டத்துக்குள் அடங்கும். ஐந்து மீட்டரில்தான் இடம் கிடைக்கும் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 பொருந்தும், விலையும் குறைவு. மேடையின் விளிம்புக்குக் கீழே மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியைப் பாதங்கள் மறைந்த நிலையில் பார்த்தால் உங்கள் மகளின் குருவே வருத்தப்படுவார்.

முகம் வெளுப்பதற்குக் காரணம் பின்னால் தொங்கும் கறுப்புத் திரை. கேமரா அந்த இருட்டையும் சேர்த்துக் கணக்கிட்டுப் படத்தை வெளிச்சமாக்குகிறது. சரிகையும் முகமும் பலியாகின்றன. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து, கேமரா மெருகேற்றாத 'ரா' கோப்பாக எடுங்கள்.

இத்தனைக்கும் மேலாக, உங்களிடம் எந்தக் கடையிலும் கிடைக்காத வசதி ஒன்று இருக்கிறது: வீட்டில் தினமும் கேட்கும் சொற்கட்டு, அதாவது ஜதியின் தாளச் சொற்கள். 'ததிங்கிணதொம்' மூன்று முறை வந்து தீர்மானம் (ஜதியின் நிறைவுப் பகுதி) முடியும் என்று உங்கள் காதுக்கு முன்பே தெரியும். மூன்றாவது முறை அவள் தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து நிற்பதற்கு இமைப்பொழுது முன்னதாக அழுத்தத் தொடங்குங்கள்.

இதன் பிறகும் படங்களில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், பயன்படுத்திய நிக்கான் டி750 ஒன்றைத் தேடலாம். 2014-இல் வந்தது, 24 மெகாபிக்சல்தான். ஆனால் ஃபுல் பிரேம் என்பதால் அதன் சென்சாரின் பரப்பு உங்களுடையதைப்போல இரு மடங்குக்கும் அதிகம். இதே 85 அதிலும் பொருந்தும்.

கேள்வி: என் மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத ஷட்டரை வைத்து எடுத்த நாட்டியப் படங்களில் குறுக்கே பட்டைகள் விழுகின்றன. கேமராவில் கோளாறா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கோளாறு இல்லை. மேடையின் எல்இடி விளக்குகளில் பல கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன; மின்னணு ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிப்பதால் அந்தத் துடிப்பு பட்டைகளாகப் பதிந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சத்தம் வருமே என்றால், வரத்தான் செய்யும். ஒரு சபாவில் பதத்தின் நடுவே நான் அடுக்கடுக்காய் அழுத்தியபோது, முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதனால் ஜதி வரும்போது மெக்கானிக்கலில் எடுங்கள், மிருதங்கமும் தாளமும் சத்தத்தை விழுங்கிவிடும். பதத்தில் மின்னணு ஷட்டருக்கு மாறி, பட்டைகள் மறையும் வரை வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.