வீட்டில் இரண்டு முதல் பட்டதாரிகள்: சலுகையை யாருக்குப் பயன்படுத்துவது?

கேள்வி: பள்ளிபாளையத்தில் நானும் வீட்டுக்காரரும் விசைத்தறி ஓட்டுகிறோம். இருவருமே எட்டாவதைத் தாண்டவில்லை. எம்.பி.சி. வகுப்பு. மகன் பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். இப்போது மெக்கானிக்கல் டிப்ளமா முடிக்கப் போகிறான், நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர ஆசைப்படுகிறான். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான். பிளஸ் டூவில் கட்-ஆஃப் 168. முதல் பட்டதாரி சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான் என்கிறார்கள். மகனை வேலைக்கு அனுப்பிவிட்டு மகளை மட்டும் படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறோம். கல்லூரியில் சேர்ந்த பிறகு இவர்களுக்கு ஏதாவது உதவி கிடைக்குமா?

பதில்: மகனை வேலைக்கு அனுப்ப வேண்டாம். இருவரையும் படிக்க வைக்க உங்களுக்கு வழி இருக்கிறது. உங்களைப் போன்ற குடும்பங்களுக்கான உதவிகள் வருவாய்த் துறை, உயர்கல்வித் துறை, சமூக நலத் துறை என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துச் சொல்ல ஓர் அலுவலகம் கிடையாது. அதனால்தான் பலர் ஒரு சலுகையை மட்டும் கேள்விப்பட்டு, அதை வைத்தே வாழ்க்கை முடிவுகளை எடுத்துவிடுகிறார்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். முதல் பட்டதாரி சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். 2010-ல் வந்த திட்டம் இது. சாதி, வருமானம் எதையும் பார்ப்பதில்லை. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். சித்தப்பா மகன் பி.காம். படித்திருந்தால் அது கணக்கில் வராது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தனியார் பொறியியல் கல்லூரி கிடைத்தால், கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்டுகள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

ஆனால் உங்கள் மகளுக்கு இந்தச் சலுகையே தேவைப்படாமல் போகலாம். அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-ல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி என்பது நிபந்தனை. உங்கள் மகளுக்கு அது பொருந்துகிறது. 168 என்பது இந்த ஒதுக்கீட்டில் நம்பிக்கையோடு உட்காரக்கூடிய கட்-ஆஃப். சென்ற ஆண்டு இதே ஒதுக்கீட்டில் எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்பதை மட்டும் பார்த்துவிடுங்கள். ஒரு விஷயத்தைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்: அரசு கட்டணம் கட்டுவது 7.5 சதவீதத்தில் கிடைத்த இடத்துக்கு. பொதுப் பிரிவில் இன்னொரு கல்லூரி கிடைக்கிறதே என்று அதை எடுத்தால், இந்தச் சலுகை போய்விடும்.

அப்படியென்றால் கணக்கு எளிது. மகள் 7.5 சதவீதத்தில் போகட்டும். முதல் பட்டதாரி சலுகையை மகனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியானால் மூன்றாண்டுக்கு 75,000 ரூபாய் மிச்சம். மகள் விரும்பும் கல்லூரி அந்த ஒதுக்கீட்டில் கிடைக்கவே வாய்ப்பில்லை, பொதுப் பிரிவில் தனியார் கல்லூரிதான் என்று தோன்றினால் மட்டும் திருப்பி யோசியுங்கள்; அப்போது நான்கு ஆண்டு படிக்கும் அவளுக்குக் கேட்பதுதான் லாபம்.

மகனின் சேர்க்கை வேறு கலந்தாய்வு. டிப்ளமா முடித்தவர்களுக்கான நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்துகிறது. இதற்கென உள்ள 10 சதவீத இடங்களோடு, முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் சேரும் என்பதால், நல்ல மதிப்பெண் இருந்தால் அரசுக் கல்லூரியே கிடைக்கலாம். சித்தோட்டில் இருக்கும் ஈரோடு அரசு பொறியியல் கல்லூரியை உங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரலாம். விருப்பப் பட்டியலில் அதை மேலே போடச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரியில் கட்டணமே குறைவு. அங்கே பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கான நலத்துறை உதவித்தொகையும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். (இதைப் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை. அதற்கும் வருமான வரம்பு 2.5 லட்சம்தான்.)

சான்றிதழ்களுக்கு இப்போதே அலையத் தொடங்குங்கள். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. மகனுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ், இருவருக்கும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் போய், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, மண்டலத் துணை வட்டாட்சியர் கையெழுத்தோடு வரும். ஆன்லைனில் போட்டுவிட்டோம் என்று சும்மா இருக்காமல் ஒரு நாள் வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்துவிடுங்கள். வீட்டில் வேறு யாரும் இந்தச் சலுகையை வாங்கவில்லை என்று நீங்களும் மகனும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். மகள் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்ததற்குத் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்குங்கள். பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும். அப்புறம், ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பணம் வருவது நின்றுவிடலாம்.

மகள் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்துக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். வேறு உதவி வாங்கினாலும் இது தடைபடாது. ஆதார் இணைத்த கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும். 7.5 சதவீத மாணவியிடம் அந்த ஃபீஸ், இந்த ஃபீஸ் என்று கல்லூரி கேட்டால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். பதில் சரியில்லை என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் புகார் அனுப்பலாம். தயங்க வேண்டாம், அது அவளுடைய உரிமை.

கல்லூரிக்குள் போன பிறகு எனக்குக் கவலை உங்கள் மகனைப் பற்றித்தான். முதலாண்டில் சேரும் மாணவர்களுக்கு அறிமுக வகுப்பு உண்டு, வழிகாட்டி ஆசிரியர் உண்டு, எல்லாருமே புதியவர்கள். நேரடி இரண்டாம் ஆண்டில் வருபவர் நுழையும்போது வகுப்பு ஏற்கெனவே ஓராண்டு பழகிவிட்டது, பாடமும் ஆரம்பித்திருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்படி நடுவில் வருபவர்களுக்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. நம் கல்லூரிகளில் அது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை அவனே தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

அவன் முதலில் மோதப் போகும் சுவர் மூன்றாம் செமஸ்டர் கணிதம். மாணவர்கள் 'எம் த்ரீ' என்பார்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மெக்கானிக்கலுக்கு அதில் ஃபூரியே தொடர் வரும். x²-ஐயும் cos nx-ஐயும் பெருக்கித் தொகையிட வேண்டும். அதற்குப் பெர்னூலி சூத்திரம் கையில் இருக்க வேண்டும். பிளஸ் டூ வழியாக வந்தவர்கள் தொகையிடலை அங்கேயும் முதலாண்டிலும் போட்டுப் பழகியிருப்பார்கள். டிப்ளமா மாணவர் அதைத் தொட்டு இரண்டு மூன்று ஆண்டு ஆகியிருக்கும். அறிவுக் குறைவு எதுவும் இல்லை, பழக்கம் விட்டுப்போனதுதான். கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் வாரங்களில் தங்கையின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுத்து வகையிடல், தொகையிடல் பாடங்களை மட்டும் தினமும் போடட்டும். புரியாததை அவளிடமே கேட்கலாம்.

பட்டறையிலும் இயந்திர வரைபடத்திலும் அவன் வகுப்பில் பலரைவிட முன்னே இருப்பான். அதை வைத்து லேப் நண்பர்களைச் சம்பாதித்து, கணக்கை அவர்களிடம் கற்றுக்கொள்வதுதான் நன்றாகத் தேறும் டிப்ளமா மாணவர்கள் செய்வது. சேர்ந்த முதல் வாரத்திலேயே துறைத் தலைவரைப் பார்த்து, டிப்ளமா மாணவர்களுக்குக் கணிதத்தில் கூடுதல் வகுப்பு உண்டா, சீனியர்களில் டிப்ளமா வழி வந்தவர்கள் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் மறைக்காமல் சொல்லும்படி வீட்டில் பேசி வையுங்கள். அரியர் விழுந்தால் வளாக நேர்காணலுக்கு வரும் கம்பெனிகள் பல, பெயரையே பட்டியலில் சேர்க்காது. பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் தறி வேலையை அரை நாள் விட்டுவிட்டு நீங்கள் இருவருமே போங்கள். ஆங்கிலம் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம், வருகைப் பதிவையும் இன்டர்னல் மதிப்பெண்ணையும் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.