முன்பணம் கட்டி, விளைவதைப் பங்கிட்டுக்கொள்வது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரு சிறிய குடும்பப் பண்ணை, அதை நம்பி இருபது முப்பது வீடுகள். பட்டம், அதாவது விதைப்புப் பருவம், தொடங்கும் முன்பே வீடுகள் பணம் கட்டிவிடும். விளைவதை வாரா வாரம் பிரித்துக்கொள்ளும். விளைச்சல் கூடினால் எல்லோர் பையும் கனக்கும். குறைந்தால் எல்லோர் பையும் இளைக்கும். சமூக ஆதரவு வேளாண்மை என்று இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பணமும் இல்லை, நட்டத்தில் பங்கும் இல்லை, பை மட்டும் வீடு தேடி வருகிறது என்றால் அது காய்கறி வியாபாரம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அது வேறு, இது வேறு. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் இடறுகின்றன.

கிணற்றுப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. ஐம்பது குடும்பங்கள் சேரத் தயாராக இருக்கிறார்கள். சேர்த்துக்கொள்ளலாமா? (கோபிசெட்டிப்பாளையம்)

வேண்டாம். முதல் ஆண்டு ஒரு ஏக்கரை மட்டும் இதற்கு ஒதுக்கி, 24 குடும்பங்களோடு நிறுத்துங்கள். அடுத்த ஏக்கரில் நெல்லோ மஞ்சளோ வழக்கம்போல் போகட்டும்.

கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் 5 கிலோ காய், கீரை தனி. 24 வீட்டுக்கு 120 கிலோ. பொங்கல் வாரமும் இன்னொரு வாரமும் விடுமுறை என்றால் ஆண்டுக்கு 50 வாரம், ஆக 6 டன். ரசாயனம் இல்லாமல் கலந்து பயிரிடும் காய்கறிக்கு ஏக்கருக்கு ஒரு பட்டத்தில் 3 டன் என்று அடக்கமாக வைத்துக்கொண்டால், இரண்டு பட்டத்தில் கணக்கு நேராகிவிடுகிறது. அதற்கு மேல் விளைந்தால் மகிழ்ச்சி. மேல் விளையும் என்று நம்பி ஆள் சேர்க்காதீர்கள்.

இந்த ஆண்டுக் கணக்கும் பாதி உண்மைதான். ஆறு டன்னும் மூன்று மாதத்தில் வந்து குவிந்தால் என்ன செய்வீர்கள்? சந்தைக்கு விளைவித்துப் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான். வெண்டையை எடுத்துக்கொள்வோம். 10 சென்டில் ஒரே நாளில் விதை ஊன்றினால், 45ஆம் நாள் வாக்கில் பறிப்பு தொடங்கும். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். வாரத்துக்கு 50, 60 கிலோ வந்துவிடும். வீட்டுக்கு அரைக் கிலோ வீதம் உங்களுக்குத் தேவை 12 கிலோ. மீதியை யார் தின்பது? பறிக்காமல் விட்டால் முற்றி, செடியும் காய்ப்பைக் குறைத்துவிடும். 2 சென்ட் போதும். பூச்சிக்கும் நோய்க்கும் ஒரு சென்ட் கூட்டி, 3 சென்டில் ஊன்றுங்கள். முதல் பறிப்பு தொடங்கும் அன்று அடுத்த 3 சென்டை ஊன்றுங்கள். பழைய செடி ஓய்கிற நேரத்தில் புதிய செடி காய்க்க வந்துவிடும்.

சிறுகீரை, தண்டுக்கீரைக்கு இடைவெளி இன்னும் குறைவு. வாரம் ஒரு பாத்தி விதைக்க வேண்டும். அரைக்கீரையைத் திரும்பத் திரும்ப அறுக்கலாம் என்பதால் அவ்வளவு அவசரம் இல்லை. கத்தரி ஒரு நடவிலேயே மாதக்கணக்கில் தாங்கும். இதையெல்லாம் வாரவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு நிரம்பாமல் ஐம்பதாவது குடும்பத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

விலையை எப்படி வைப்பது? உழவர் சந்தை விலைப் பலகையைப் பார்த்து அதே விலை வைக்கலாமா? (ஒட்டன்சத்திரம்)

தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தக்காளி விலை ஒரே மாதத்தில் எப்படி ஆடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்த ஆட்டத்திலிருந்து விலகத்தானே இந்த ஏற்பாடு!

கிலோவுக்கு விலை வைக்காதீர்கள். பண்ணையின் ஓராண்டுச் செலவைப் பங்கு போடுங்கள். உதாரணத்துக்கு: விதை, எரு, உழவு, ஆள் கூலி, வண்டி, பை எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய். உங்கள் குடும்ப உழைப்புக்கு மாதம் 20,000 என்றால் ஆண்டுக்கு 2,40,000. மொத்தம் 4,20,000. இதை 24ஆல் வகுத்தால் பங்குக்கு 17,500. ஐம்பது வாரத்துக்கு வாரம் 350 ரூபாய். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், முறை இதுதான். பம்புசெட்டுக்கு இங்கே மின்சாரம் இலவசம் என்பதால் செலவுத் தாளில் அதற்கு ஒரு வரி இல்லை. ஆனால் மோட்டார் பழுது என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். அது பட்ட நடுவில்தான் எரியும்.

இந்தத் தாளை மறைக்காமல் பங்குதாரர்களிடம் காட்டுங்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1986இல் தொடங்கிய டெம்பிள்-வில்டன் பண்ணையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆண்டுக் கூட்டத்தில் செலவுத் தாளை வைத்து, ஒவ்வொரு குடும்பமும் தன்னால் எவ்வளவு முடியும் என்று சொல்ல, மொத்தம் நிறையும்வரை பேசித் தீர்ப்பார்கள். இருப்பவர் கூடுதலாகத் தருவார், இல்லாதவர் குறைவாகத் தருவார், காய் எல்லோருக்கும். நம் ஊரில் முதல் ஆண்டே இதைத் தொடங்கச் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று ஆண்டு பழகியபின் இரண்டு பங்குகளையாவது பாதி விலைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

சில வாரங்களில் பை நிறைவதில்லை. மார்க்கெட்டில் கொஞ்சம் வாங்கிச் சேர்த்துவிடலாமா? யாருக்கும் தெரியப்போவதில்லை. (திண்டிவனம் அருகே)

கூடாது. தெரியப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, கூடாது என்பதற்கு அதுவே காரணம். அவர்கள் உங்களுக்கு முன்பணம் கொடுத்தது விளையாமல் போகும் வாரத்துக்கும் சேர்த்துத்தான். பை இளைத்தால் இளைத்ததாகவே அனுப்பி, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் உங்கள் முறையிலேயே விளைவிக்கிறார் என்றால் அவரிடம் வாங்கலாம். ஆனால் எது அவருடையது என்று அன்றைய சீட்டில் இருக்க வேண்டும். பங்குதாரர்கள் முன்கூட்டியே அதற்கு ஒப்புக்கொண்டிருக்கவும் வேண்டும்.

ஐப்பசியில் மூன்று வாரம் தொடர்ந்து சுரைக்காய், பூசணி, சேனைக்கிழங்கு. தக்காளி கண்ணில் படவில்லை. முழுப் பணம் கட்டியிருக்கிறோம், பாதியைத் திருப்பிக் கேட்பது நியாயமா? (தாம்பரம்)

நியாயமில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது திறந்தவெளித் தக்காளி பூ உதிரும், பழம் வெடிக்கும், இலை கருகும். கீரை மண்தெறித்து அழுகும். அந்த மாதத்தில் பளபளப்பான தக்காளி உங்களுக்குக் கிடைக்கிறது என்றால் அது வேறு ஊரிலிருந்து லாரியில் வந்திருக்கும். உங்கள் பண்ணைக்காரர் சேனையும் பூசணியும் கையிருப்பில் வைத்திருந்தது அவருடைய திட்டத்தைக் காட்டுகிறது. சேனை எட்டு ஒன்பது மாதப் பயிர். உங்கள் ஐப்பசிக் குழம்புக்காக அவர் மாசி, பங்குனியிலேயே நட்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று கேட்கலாம். வாழைத்தண்டு, வாழைக்காய், முருங்கைக்கீரை, அகத்தி இவையெல்லாம் மழையிலும் கைகொடுக்கும். வரப்போரம் இவற்றை வைத்திருக்கிறாரா? இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். இதே மூன்று காய் மாசியிலும் வந்தால் மழையைக் காரணம் காட்ட முடியாது; அப்போது எனக்கு மறுபடியும் எழுதுங்கள், வேறு பதில் சொல்கிறேன்.

இங்கே ஒரு பண்ணையில் சேர்ந்தோம். வயலெல்லாம் பனி மூடியிருக்கும்போதே பணம் கேட்கிறார்கள். காய் ஜூனில்தான் வருகிறது. இது வழக்கம்தானா? (டொரன்டோ)

வழக்கம்தான். விதை, நாற்றங்கால், ஆள் கூலி எல்லாச் செலவும் காய் வருவதற்கு முன்னே நிற்கிறது. வங்கிக்கு வட்டி கட்டாமல் அந்த இடைவெளியைத் தாண்டவே உங்கள் பணம். ஜப்பானில் 1970களில் தாய்மார்களும் உழவர்களும் நேரடியாகக் கைகோத்த 'தெய்கெய்' முறையிலும், பிரான்சில் 2001இல் தூலோன் அருகே தொடங்கிய முறையிலும் முன்கூட்டியே பொறுப்பேற்பதுதான் அடிப்படை. மொத்தமாகக் கட்டச் சிரமம் என்றால் தவணை கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் எழுதிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஆண்டுக்கு ஒரு முறை என்பதைவிடப் பட்டத்துக்கு ஒரு முறை, ஆனியிலும் மார்கழியிலும் வாங்குங்கள் என்றுதான்.

குழந்தைகள் கேரட், பீன்ஸ் கேட்கிறார்கள். பண்ணையில் ஏன் போடுவதில்லை? (மதுரை)

அவை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உரியவை. சமவெளியில் குளிர் மாதங்களில் முட்டைக்கோசும் காலிஃபிளவரும் ஓரளவு வரும். கேரட்டுக்காகத் தண்ணீரையும் பொறுமையையும் செலவழிப்பது வீண். வேண்டுமானால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், குற்றமில்லை. பீன்ஸுக்குப் பதில் கொத்தவரை, காராமணி. கொடி அவரைக்கு மட்டும் காத்திருக்க வேண்டும்: ஆடியில் ஊன்றினாலும் பகல் பொழுது குறைந்த பிறகுதான் நன்றாகப் பூக்கும். மார்கழி, தையில் பந்தல் நிறையக் காய் தொங்கும்போது குழந்தைகளைப் பண்ணைக்குக் கூட்டிப் போய்ப் பறிக்கவிடுங்கள்.

சான்றிதழ் இல்லாமல் இயற்கை விளைபொருள் என்று சொல்லிக் கொடுக்கலாமா? (புதுக்கோட்டை)

உண்பவருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு 2017ஆம் ஆண்டின் இயற்கை உணவு ஒழுங்குமுறை விலக்கு அளிக்கிறது. ஆனால் சான்று பெற்ற இயற்கை உணவுக்கான அரசு முத்திரையை நீங்கள் போட முடியாது. கடைக்குக் கொடுத்தால் இந்த விலக்கும் இல்லை. சான்று வேண்டுமென்றால் சிறு விவசாயிக்குப் பொருந்துவது பங்கேற்புச் சான்று முறை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்வது. ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறும் காலம் ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, மரப்பயிருக்கு 3 ஆண்டு. ஏற்றுமதி எண்ணம் இருந்தால் கோவையிலுள்ள அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகுங்கள்.

பங்குதாரர்களைப் பொறுத்தவரை, பட்டத்துக்கு ஒரு நாள் வயலைத் திறந்துவிடுவதே போதிய சான்று என்பது என் கருத்து. அன்றைக்கு வேலியோரம் கேள்வி வரும்: பக்கத்து வயலில் மருந்து அடித்தால்? மருந்துச் சாரலைத் தடுக்க எல்லையில் நான்கைந்து வரிசை சோளம் நெருக்கி விதைத்திருந்தால் காட்டிப் பதில் சொல்லலாம்.

கத்தரியில் பாதி சொத்தை. இயற்கை என்றால் புழுவோடுதான் வருமா? (சேலம்)

ஒன்றிரண்டு வரும், துளையிருக்கும் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சமையுங்கள். பாதி சொத்தை என்றால் அது பண்ணைக்காரரின் சோம்பல். தண்டையும் காயையும் துளைக்கும் புழு தாக்கிய கொழுந்து வாடித் தொங்கும். அதை வாரா வாரம் கிள்ளி அப்புறப்படுத்தி, ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தாலே சேதம் வெகுவாகக் குறையும். மீறிய சொத்தைக் காய் மாட்டுக்குப் போக வேண்டும், பைக்கு அல்ல. இதை அவரிடம் காட்டுங்கள்.

பறிப்பது, தரம் பிரிப்பது, கட்டுவது எல்லாம் நானும் என் மாமியாரும். பங்குதாரர்களோடு பேசுவதும் பணம் வாங்குவதும் கணவர். ஆண்டுக் கடைசியில் லாபம் என்கிறார். எங்கள் கூலி எந்தக் கணக்கிலும் இல்லை. (பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்)

அது லாபம் இல்லை அம்மா, உங்கள் இருவருக்கும் கொடுக்காத கூலி. நீங்கள் எழுதியதை வைத்தே கணக்குப் போட்டேன். வாரத்துக்கு இரண்டு பறிப்பு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், இரண்டு பேர்: வாரம் 16 மணி நேரம். ஐம்பது வாரத்துக்கு 800 மணி நேரம், எட்டு மணி நேர வேலையாகப் பார்த்தால் 100 ஆள் நாள். இதில் களையெடுப்பும் நாற்றுப் பராமரிப்பும் சேரவில்லை. உங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு என்ன நாள் கூலியோ, அதை நூறால் பெருக்கி, லாபம் என்று சொல்லும் தொகையிலிருந்து கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல பண்ணைகளில் கழித்தபின் ஒன்றும் மிஞ்சாது. அப்படியானால் பங்கின் விலை குறைவாக இருக்கிறது என்று பொருள். ஏற்ற வேண்டியது விலையை; உங்களை வாட்டக் கூடாது.

அடுத்த பட்டத்துச் செலவுத் தாளில் இந்த 100 நாளைத் தனி வரியாக எழுதுங்கள். அதை நீங்களே பங்குதாரர் கூட்டத்தில் வாசியுங்கள், கணவர் அல்ல. பணம் வரும் வங்கிக் கணக்கும் இருவர் பெயரில் இருக்கட்டும். அந்த வீடுகளில் சமைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். இந்த வரியை அவர்கள் எதிர்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சேர்ந்த இரண்டாம் மாதம் ஒருவர் வேலை மாற்றலாகிப் போகிறார். மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? (நாமக்கல்)

பணம் அதற்குள் விதையாகவும் எருவாகவும் மண்ணுக்குள் போயிருக்கும். அவருடைய பங்கை எடுத்துக்கொள்ள அவரே ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிக்கட்டும். முடியாவிட்டால் உங்கள் காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு மாற்றி, அவர் கட்டுவதை இவருக்குக் கொடுங்கள். இதையெல்லாம் வழக்கு வந்த பிறகு பேசினால் மனக்கசப்புதான். சேரும் அன்றே ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எத்தனை வாரம், எந்தக் கிழமை, பையை எங்கே வந்து எடுப்பது, ஊருக்குப் போகும் வாரத்தில் அந்தப் பை யாருக்கு, விளையாவிட்டால் என்ன, விலகினால் என்ன. காலிப் பையைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். துணிப்பை வாங்கி மாளாது.