'பார்ஜ் இன்' செய்தவர் எப்படி வெளியே வருவார்? எதிர்ச்சொல் பற்றிய சில கேள்விகள்

'பிரேக் இன்' என்பதற்கு 'பிரேக் அவுட்' என்று எதிர்ச்சொல் எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். எது சரி?

முழுத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பூட்டை உடைத்துத் திருடன் உள்ளே போனால் 'பிரேக் இன்'. சிறையை உடைத்துக் கைதி வெளியே வந்தால் 'பிரேக் அவுட்'. இரண்டிலும் உடைப்பு அப்படியே இருக்கிறது, திசை மட்டும்தான் திரும்பியிருக்கிறது.

அத்துமீறி நுழைவதைச் சொல்லும் இந்த மாதிரி வினைகளில் திசை, பலம், அனுமதி என்று மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. பலத்தை மட்டும் மாற்றினால் 'ஸ்லிப் இன்', அதாவது சத்தமில்லாமல் உள்ளே போவது. அனுமதியை மாற்றினால், வீட்டுக்காரர் பக்கமிருந்து 'லெட் இன்' அல்லது 'இன்வைட் இன்'. ஆகவே வினாவில் வாக்கியத்தைக் கொடுக்காமல் எதிர்ச்சொல் மட்டும் கேட்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். போர், தீ, நோய் இவற்றுக்கு வரும் 'பிரேக் அவுட்' வேறு. அங்கே 'திடீரென மூள்வது, பரவுவது' என்றே பொருள். போருக்கும் நோய்க்கும் பெயர்ச்சொல் 'அவுட்பிரேக்', சிறையிலிருந்து தப்புவதற்கு 'பிரேக்அவுட்'. மாற்றிப் போட்டால் பொருளே கெட்டுவிடும்.

அப்படியானால் 'பார்ஜ் இன்', அதாவது முண்டியடித்துக்கொண்டு நுழைவது? அதற்கு 'பார்ஜ் அவுட்' என்று சொல்லலாமா?

வேண்டாம், காதுக்கு ஒட்டாது. கோபமாக வெளியேறுவதற்கு ஆங்கிலத்தில் இயல்பாக வருவது 'ஸ்டார்ம் அவுட்'. அதற்கு நேர் இணை 'ஸ்டார்ம் இன்'.

'பார்ஜ்' என்றால் சரக்கு ஏற்றும் தட்டையான கனத்த படகு. சட்டென்று திருப்ப முடியாது, போகிற வழியில் இடித்துக்கொண்டே போகும். அந்த இடிப்பிலிருந்து பிறந்த வினை இது. இங்கே பூட்டும் உடைவதில்லை, தாழ்ப்பாளும் உடைவதில்லை. கதவு விரியத் திறந்தே இருந்தாலும் 'பார்ஜ் இன்' செய்யலாம். உள்ளே இருப்பவரை ஒரு பொருட்டாக நினைக்காததுதான் குற்றம்.

அதனால் இதன் எதிர்ப்பக்கம் வெளியேறுவது அல்ல, காத்திருப்பது. பாதி திறந்த கதவு. இரண்டு விரல் மடக்கி மெல்ல ஒரு தட்டு. கால் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. உள்ளே இருப்பவர் தலை நிமிர்ந்து "வாங்க" என்ற பிறகுதான் அடுத்த அடி. இத்தனையையும் அடக்கிய ஒற்றை வினை ஆங்கிலத்தில் இல்லை. 'நாக் அண்ட் வெயிட்' என்று இரண்டு வினையாகத்தான் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் எதிராக வரவேண்டும் என்று பள்ளியில் ஊறிய எண்ணத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

தமிழில் யோசித்தால் எனக்கு இன்னும் குழம்புகிறதே?

எனக்கு நேர்மாறான அனுபவம். மாணவர்களை முதலில் தமிழில் சொல்லச் சொல்வேன். "முண்டியடித்துக்கொண்டு நுழைந்தார்." தமிழ் திசையை வினையிலேயே வைக்கிறது: நுழை, புகு, வெளியேறு. எப்படி என்பது முன்னால் தனியாக நிற்கிறது. ஆங்கிலத்தில் இது தலைகீழ்: 'எப்படி' என்பது வினையில், திசை பின்னால் வரும் குட்டிச்சொல்லில். மொழிகளை இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டிய மொழியியலாளர் லெனர்ட் டால்மி தமிழை முதல் வகையில் சேர்க்கிறார்.

இதனால் நமக்கு ஒரு வசதி. "முண்டியடித்துக்கொண்டு" என்பதை எடுத்துவிட்டு "தயங்கித் தயங்கி நுழைந்தார்" என்று வைத்தால் ஒரு எதிர். "நுழைந்தார்" என்பதை "வெளியேறினார்" ஆக்கினால் இன்னொரு எதிர். எந்தச் சொல்லில் கை வைக்கிறோம் என்பது கண்ணுக்கே தெரிகிறது. அதற்குப் பிறகு ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள்.

'பர்ஸ்ட் இன்', அதாவது திடீரெனப் பாய்ந்து நுழைவது, இதற்கு எதிர்ச்சொல் 'பர்ஸ்ட் அவுட்' தானே?

அறைக்குள் வருவது, போவது என்றால் ஆமாம். ஆனால் 'பர்ஸ்ட் அவுட் லாஃபிங்', 'பர்ஸ்ட் இன்டு லாஃப்டர்' இரண்டுமே குபீரென்று சிரிப்பதுதான். ஒன்றில் 'அவுட்', மற்றதில் 'இன்டு', பொருள் ஒன்றே.

ஒருவர் பேசும்போது நடுவில் புகுவதற்கு?

'பட் இன்' × 'பட் அவுட்'. இந்தப் பட்டியலிலேயே ஒழுங்காக அமைந்த ஜோடி இது. ஆடு தலையால் முட்டுகிறதே, அந்த 'பட்'. நாமும் 'தலையிடாதே' என்றுதான் சொல்கிறோம், அங்கும் இங்கும் தலைதான் முன்னால் போகிறது! ஆனால் 'பட் அவுட்' பெரும்பாலும் ஏவலாகவே வரும், முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். பெரியவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். 'ஸ்டே அவுட் ஆஃப் இட்' என்பது கொஞ்சம் தணிந்தது, அதுவும் மரியாதைப் பேச்சு அல்ல.

சட்ட ஆவணம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். கதவு பூட்டியிருக்கவில்லை, ஆனாலும் 'பிரேக்கிங்' என்று இருக்கிறது. 'உடைத்து' என்று எழுதலாமா?

கூடாது. இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தில் சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தாலே 'பிரேக்கிங்'. பூட்டு இருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே திறந்து கிடந்த கதவு வழியாகப் போனால் அது 'பிரேக்கிங்' ஆகாது. ஆக, அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எதிர்நிலை திறந்த கதவு. பின்னர் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் 'பிரேக்கிங்' என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டு, அத்துமீறி நுழைவதை அடிப்படையாக்கியது. உங்கள் ஆவணம் எந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். பழைய பொருளில் என்றால் 'மூடியிருந்ததைத் திறந்து நுழைதல்' என்று விரித்தே எழுதுங்கள், நீளம் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

புது ஷூவை 'பிரேக் இன்' செய்வது என்கிறார்களே, அதற்கும் எதிர்ச்சொல் உண்டா?

உண்டு, ஆனால் 'பிரேக்' வகையில் தேடாதீர்கள். குதிகாலைக் கடிக்கிற விறைப்பான ஷூவைப் போட்டுப் போட்டுப் பழக்குவது 'பிரேக் இன்'. அதையே அடிப்பாகம் தேய்ந்து ஓட்டை விழும்வரை போடுவது 'வேர் அவுட்'.