தாத்தா ஒருவர், பெயர் நாலு: பழைய ஆவணங்களில் முன்னோரைத் தேடுவோருக்குக் கேள்வி பதில்

பத்திரம், பட்டா, ஜாதகம், ஞானஸ்நானப் பதிவேடு, கப்பல் பட்டியல் என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயரில் வரும் முன்னோர்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெயரைத் துரத்தாதீர்கள். ஊர், தகப்பனார், நிலம், மனைவி வீட்டார் இந்த நான்கையும் பிடியுங்கள். பெயர் தானாக வந்து சேரும்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து: ஐயா, கொள்ளுத்தாத்தா கிரயப் பத்திரத்தில் ராமசாமி. பட்டாவில் ராமையா. ஊரில் கேட்டால் "பட்டாளத்தார்" என்கிறார்கள். மூன்றும் ஒருவர்தானா?

நிலம் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்களின் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியாக உண்டு. 1908ஆம் வருடப் பதிவுச் சட்டமே அப்படி வைக்கச் சொல்கிறது. ராமசாமி என்று பெயர் அட்டவணையில் தேடினால் அந்த வட்டாரத்து ராமசாமிகள் அத்தனை பேரும் வருவார்கள். உங்கள் தாத்தா ராமையா என்ற பெயரில் செய்த கிரயம் வராது. கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்து வில்லங்கம் போடுங்கள். இணையத்தில் கிடைக்காத காலத்துக்கு, மனுக் கொடுத்துக் கைப்பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். மறு நிலஅளவை நடந்த கிராமமாக இருந்தால் சர்வே எண் மாறியிருக்கும். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

அடுத்ததைப் பலரும் செய்வதில்லை, ஆனால் இதில்தான் பலன் அதிகம். பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தை நகல் எடுங்கள். அதில் சொத்து விவரத்துக்குக் கீழே நான்கெல்லை எழுதியிருக்கும்: "இன்னார் நிலத்துக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு" என்று. தன் பத்திரத்தில் முழுப்பெயரோடு இருக்கும் மனிதர், பக்கத்து வயல்காரர் பத்திரத்தில் ஊர் அழைத்த பெயரோடு இருப்பார். உங்கள் நிலத்துக்கு வடக்கே உள்ளவரின் பத்திரம் தன் தெற்கெல்லையைப் "பட்டாளத்தார் நஞ்சை" என்று சொன்னால், ராமசாமியும் பட்டாளத்தாரும் ஒருவரே என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பட்டாவில் உள்ள ராமையாவைப் பொறுத்தவரை, 1980களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். வேலையில் பெயர்கள் நிறையவே மாறின. இறந்துபோன தகப்பன் பெயர் விடுபட்டது, அண்ணன் பெயர் மட்டும் நின்றது, கூப்பிடும் பெயர் ஏறியது. சர்வே எண் வாரியாக நிலத்தையும் உடையவர் பெயரையும் எழுதிய கிராமக் கணக்குக்கு அ-பதிவேடு என்று பெயர். யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டில் அதே சர்வே எண்ணில் யார் பெயர் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: பத்திரத்தில் "கொல்லம் 1067 ஆவணி" என்று இருக்கிறது. தாத்தா பெயர் ஓரிடத்தில்தான் வருகிறது. பிறகு எல்லா இடத்திலும் "௸யார்" என்றே எழுதியிருக்கிறார்கள். அது யார்?

௸ என்பது "மேற்படி" என்பதற்கான குறி. "௸யார்" என்றால் மேற்படியார், அதாவது மேலே சொன்ன அதே ஆள். பெயரின் முதலெழுத்து என்று நினைத்துப் புதிதாக ஒரு தாத்தாவைக் குடும்ப மரத்தில் ஏற்றிவிடாதீர்கள். அதேபோல ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. தொகைகள் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களில் இருக்கும்.

கொல்லம் ஆண்டு உங்கள் பக்கத்தில் ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824ஐக் கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து 825ஐ. ஆக உங்கள் பத்திரம் 1891 ஆகஸ்டு வாக்கில் எழுதியது. அதே வரியில் "கர வருஷம்" என்றும் இருந்தால் சரியாகப் பொருந்துகிறது, 1891 கர வருஷம்தான். தீர்வை ரசீதில் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டு இருக்கும். அதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 590, பிறகு 591. பசலி 1320 என்றால் 1910 ஜூலையில் தொடங்கியது.

இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். ஏனென்றால் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீடுகளில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். ஜாதகத்தில் "தாது வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். பஞ்சத்தில் பிறந்தவர் என்று பாட்டி சொல்லியிருந்தால் முந்தையது.

மதுரையிலிருந்து: அப்பத்தா தன் மாமனாரைப் "பெரியசாமி" என்றே சொல்வார்கள். எந்தக் காகிதத்திலும் அந்தப் பெயர் இல்லையே?

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள். அந்தப் பெயரைப் பேரனுக்கு வைத்திருந்தாலும் அவனை வேறு பெயரில்தான் அழைப்பாள். ஆகையால் பெண்கள் வழியாக வந்த பெயர் பெரும்பாலும் கூப்பிடும் பெயர். அதை ஒதுக்கிவிடாதீர்கள். பத்திரங்களில் "கருப்பண்ணன் என்கிற பெரியசாமி" என்று ஒருநாள் வந்து நிற்கும். அந்த "என்கிற"வைக் கண்டால் அந்தப் பக்கத்தை உடனே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டர்பனிலிருந்து: வணக்கம் ஐயா. கப்பல் பட்டியலில் பூட்டனார் பெயர் மூன்சாமி. எங்கள் குடும்பப் பெயர் கவெண்டர். அவருடைய தம்பி வழியினர் வேறு குடும்பப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் வட ஆற்காடு என்று இருக்கிறது. எங்கே தேடுவது?

நேட்டாலுக்கு, அதாவது இன்றைய தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் பகுதிக்கு, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஆட்கள் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்தான் உங்கள் பூட்டனார். முனுசாமி, முனிசாமி, மூன்சாமி என்று எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினாலும் எண் மாறாது. திருமணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்த சான்று, இறப்புப் பதிவு எல்லாவற்றிலும் எண்ணைத் தேடுங்கள்.

ஒரே கப்பலில் மூன்று மூன்சாமிகள் இருந்தால் தகப்பன் பெயர், வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு என்ற பத்திகளைப் பாருங்கள். தம்பி வழியின் பெயர் மாறியதும் இயல்புதான். சாதிப் பத்தியில் இருந்தது சிலருக்குக் குடும்பப் பெயர் ஆனது. கவுண்டர் என்பதுதான் கவெண்டர் என்றும், முதலியார் என்பது மூட்லி என்றும் வழங்குகிறது. வேறு சிலருக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று விழுந்த வீடுகள் உண்டு.

வட ஆற்காட்டை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் ஒரு பகுதி அங்கே போயிற்று. இன்று அது ஆந்திரம். மிச்சம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது, வேலூர் 2019இல் மறுபடி பிரிந்தது. பட்டியலில் தாலுகா பத்தியும் இருக்கும். அதை வைத்தே கிராமத்தைத் தேடுங்கள். புதூர் என்றும் நல்லூர் என்றும் ஒவ்வொரு தாலுகாவிலும் ஊர்கள் இருக்கின்றன. ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் இருப்பதால் க, ச, ட, த, ப ஐந்தையும் வல்லொலி, மெல்லொலி (K, G போல) இரண்டாகவும் உச்சரித்துப் பாருங்கள். ழ, ள, ல மூன்றையும் மாற்றிப் பாருங்கள்.

காரைக்காலிலிருந்து: கோயில் பதிவேட்டில் பியேர் என்பவருக்கும் வீட்டுப் பத்திரத்தில் ராயப்பன் என்பவருக்கும் ஒரே மனைவி, ஒரே பிள்ளைகள். மறுமணமா?

இல்லை, ஒரே ஆள். புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்பார்கள். பாதிரியார் பிரெஞ்சிலோ லத்தீனிலோ எழுதும்போது அது பியேர் அல்லது பேத்ரூஸ் ஆகிவிடும். சின்னப்பன் பவுல், அருளப்பன் ஜான், யாகப்பன் ஜேம்ஸ், முடியப்பன் ஸ்டீபன், பெலவேந்திரன் ஆண்ட்ரூ, சவரி சேவியர், சூசை ஜோசப். இந்தச் சோடிகளை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறங்கள். ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் நெருங்கிய சொந்தம்.

உங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் மத, சாதி வழக்கப்படியான தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாப்போர்த் ஆனது அப்படித்தான். உங்கள் குடும்பத்தில் 1881க்குப் பிறகு திடீரென்று ஒரு பிரெஞ்சுப் பெயர் முளைத்தால் அந்தத் துறவுப் பதிவைத் தேடுங்கள். பழைய பெயரும் புதிய பெயரும் அதில் சேர்ந்தே இருக்கும். புதுச்சேரி, காரைக்கால் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளின் படிகள் பிரான்ஸில் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம்.

கோத்தகிரியிலிருந்து: இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். தோட்டத்துப் பிறப்புச் சான்றில் ஒரு பெயர், இங்கே கொடுத்த குடும்ப அட்டையில் வேறு பெயர்.

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களிடம் இந்தச் சிக்கல் மிக அதிகம். தோட்டத்தில் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் உள்ள பெயர்தான் பெயர். ஒரே தோட்டத்தில் இரண்டு ராமாயி இருந்தால் ஒருவரைச் சின்ன ராமாயி ஆக்கிவிடுவார்கள். வீட்டில் இலங்கையின் 1949 குடியுரிமைச் சட்டத்தின் கீழ் கொடுத்த மனுவின் படி இருக்கிறதா என்று டிரங்குப் பெட்டியில் பாருங்கள். தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்ததால் தோட்டம், வருடம், பிள்ளைகள் என்று விவரமாக எழுதினார்கள். பாஸ்போர்ட்டில் இந்திய ஊர் இருக்கும், அதையும் விடாதீர்கள்.

சேலத்திலிருந்து: இரண்டு பெயரும் ஒருவரே என்று சான்று வாங்கிப் பழைய பத்திரத்தைத் திருத்திவிடலாமா சார்?

சொத்து, வாரிசு விஷயம் என்றால் தாலுகா அலுவலகத்தையும் வழக்கறிஞரையும் பாருங்கள், அது வேறு வேலை. வம்சம் தேடுபவர் பழைய பெயரைத் திருத்தவே கூடாது. எந்த ஆவணத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ, எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதி, பக்கத்தில் ஆவணத்தின் பெயரையும் வருடத்தையும் குறித்து வையுங்கள்.

சென்னையிலிருந்து: ஆண்கள் பெயராவது நாலு விதமாகக் கிடைக்கிறது. கொள்ளுப்பாட்டி பெயர் எங்குமே இல்லை ஐயா.

இருக்கிறதம்மா. கணவர் இறந்த பிறகு எழுதிய பத்திரங்களைப் பாருங்கள். "தனக்காகவும் தன் மைனர் குமாரர்களுக்குக் கார்டியனாகவும்" என்று தொடங்கும் வரியில் அவர் பெயரோடும், பிள்ளைகள் வயதோடும் நிற்பார். பிறந்த வீட்டு ஊரில் தானப் பத்திரமும் செட்டில்மெண்டும் தேடுங்கள். சீதனமாகக் கொடுத்த காணி நிலம் அங்கேதான் பதிவாகியிருக்கும், "என் குமாரத்தி" என்று தகப்பனார் வைத்த பெயரோடு. புகுந்த வீட்டில் அவரை வேறு பெயரில் அழைத்திருக்கலாம். ஆகவே இரண்டு ஊர் சார்பதிவகத்திலும் மனுப் போடுங்கள். சாட்சிக் கையெழுத்துகளையும் படியுங்கள். அண்ணனோ தம்பியோ ஒருவர் தன் ஊர்ப்பெயரோடு கையெழுத்துப் போட்டிருப்பார், அந்த ஊர்தான் கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீடு.